இறையன்பும் மனித அன்பும்: கிறித்தவச் சிந்தனையில் ஒரு வரலாறு

கடவுள் மனிதர் மீது கொண்டுள்ள அன்பும், மனிதர் ஒருவர் மீது ஒருவர் கொள்ளும் அன்பும் ஒரே தன்மை உடையவையா? அல்லது இரண்டும் முற்றிலும் வேறானவையா? கிறித்தவச் சிந்தனையாளர்கள் இக்கேள்விக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளனர். இன்று மறையுரைகளில் பெரும்பாலும் கேட்கக் கிடைக்கும் விடை எளிமையானது. கிரேக்க மொழியில் கடவுளின் அன்புக்கு 'அகாபே' என்றும், ஆண் பெண் காதலுக்கு 'எரோஸ்' என்றும், நட்புக்கு 'ஃபிலியா' என்றும், குடும்பப் பாசத்துக்கு 'ஸ்டோர்கே' என்றும் தனித்தனிச் சொற்கள் உண்டு. ஆகவே இறையன்பு தனி வகை என்பதே அவ்விடை. வரலாற்றைப் பார்த்தால், வேறுபாடு சொல்லில் இல்லை, அன்பு எங்கிருந்து பிறக்கிறது என்பதில்தான் உள்ளது என்பது தெரியும்.

கிரேக்கப் பின்னணி

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பிளேட்டோ எழுதிய 'விருந்து' என்னும் உரையாடலில், எரோஸ் வறுமைக்கும் வளத்துக்கும் பிறந்த பிள்ளையாகக் காட்டப்படுகிறது. தன்னிடம் இல்லாததை நாடுவதே எரோஸ். அழகையும் நன்மையையும் தேடி மேல்நோக்கி ஏறும் ஆற்றல் அது. குறையே இல்லாத கடவுளருக்கு அத்தகைய தேட்டம் இருக்க முடியாது. அவருடைய மாணவர் அரிஸ்டாட்டிலின் நூல்களில், அனைத்தையும் இயக்கும் முதற்பொருள் பிறரால் விரும்பப்படுகிறது. அது இறங்கி வந்து எவரையும் விரும்புவதில்லை. கடவுளுக்கும் மனிதருக்கும் உள்ள தொலைவு மிகப் பெரியது. அதனால் அவர்களிடையே நட்பு இருக்க இயலாது என்றும் அவர் கருதினார். அன்பு கீழிருந்து மேலே செல்வது என்ற இந்தக் கருத்துதான் கிறித்தவம் பரவிய உலகில் கற்றோர் அறிந்திருந்த கருத்து.

எபிரேய மரபு

எபிரேய மறைநூல்கள் வேறு வழியில் சென்றன. அங்கே கடவுளின் அன்பை விளக்க மனித உறவுகளே உவமைகளாயின. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வட இஸ்ரயேலில் வாழ்ந்த இறைவாக்கினர் ஓசேயா, தம்மை விட்டு விலகிய மனைவியை 15 வெள்ளிக் காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து மீட்டுக்கொண்டதாக அவரது நூல் கூறுகிறது. துரோகம் செய்த மக்களைக் கடவுள் கைவிடவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். அதே நூலில், குழந்தைக்கு நடை பழக்கும் தகப்பனாகவும் கடவுள் காட்டப்படுகிறார். ஏசாயா நூல் ஒரு படி மேலே செல்கிறது. பெற்ற தாய் பிள்ளையை மறந்தாலும் கடவுள் மறப்பதில்லை என்பது அதன் கருத்து. மனித அன்புகளில் மிக உறுதியானதை எடுத்துக்காட்டி, அதையும் விஞ்சியது இறையன்பு என்று சொல்லும் முறை இது.

சொல் சொல்லும் செய்தி

கி.மு. 3ஆம் நூற்றாண்டிலிருந்து எபிரேய மறைநூல்கள் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டன. 'எழுபதின்மர் மொழிபெயர்ப்பு' எனப்படும் இதில் 'அகாபே' என்ற பெயர்ச்சொல்லும் அதன் வினைச்சொல்லும் புனிதமான இடங்களில் மட்டும் வரவில்லை. உன்னதப்பாட்டில் வரும் காதலுக்கும் அதே சொல்தான். தன் சகோதரி தாமாரைக் கெடுத்த அம்னோனின் இச்சைக்கும் அதே சொல்தான்.

புதிய ஏற்பாட்டில் 'எரோஸ்' என்ற சொல் வரவே இல்லை என்பது உண்மை. ஆனால் மனிதர் ஒளியைவிட இருளை விரும்பினர் என்று யோவான் நற்செய்தி கூறுமிடத்தில் உள்ளது அகாபேயின் வினைச்சொல். தேமா உலகத்தின் மீது ஆசை வைத்துப் பவுலை விட்டுப் போனதற்கும் அதே சொல். மாறாக, தந்தையாகிய கடவுள் மகன் மீது கொண்ட அன்பை யோவான் 5ஆம் அதிகாரம் ஃபிலியாவின் வினைச்சொல்லால் குறிக்கிறது.

யோவான் 21ஆம் அதிகாரத்தில் உயிர்த்த இயேசு பேதுருவிடம் மூன்று முறை கேட்கும் கேள்வி பலரும் அறிந்தது. முதல் இரு முறையும் ஒரு வினைச்சொல்லும், மூன்றாம் முறை மற்றொன்றும் கிரேக்கத்தில் உள்ளன. சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதைக் கவனித்து, 'அன்பு' என்றும் 'நேசம்' என்றும் இரு சொற்களை ஆண்டிருக்கிறது. ஆனால் அவ்விரு சொற்களில் ஒன்று தெய்விகம், மற்றது மானிடம் என்று தமிழ் வாசகர் எவரும் பிரித்துப் படிப்பதில்லை. கிரேக்க வாசகரும் அப்படிப் பிரித்திருக்க வேண்டியதில்லை.

புதிய ஏற்பாட்டின் புதுமை சொல்லில் அல்ல, செய்தியில் உள்ளது. மலைப்பொழிவில் இயேசு, தம்மை நேசிப்பவரை நேசிப்பது வரி தண்டுவோருக்கும் இயலும் என்கிறார். நல்லவர் மேலும் தீயவர் மேலும் ஒரே கதிரவனை உதிக்கச் செய்யும் தந்தையை அளவுகோலாக வைக்கிறார். ஏறத்தாழ கி.பி. 57இல் எழுதப்பட்ட உரோமையர் திருமுகத்தில் பவுல் இரண்டு அன்புகளையும் நேராக ஒப்பிடுகிறார். நல்லவர் ஒருவருக்காக உயிரைக் கொடுக்க யாரேனும் முன்வரலாம். மனிதர் பாவிகளாய் இருந்தபோதே கிறிஸ்து அவர்களுக்காக இறந்தார் என்பது அவரது வாதம்.

அகுஸ்தீனார் முதல் பெர்னார்து வரை

வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீனார் (354–430) கிரேக்கத் தேட்டத்தையும் கிறித்தவ அருளையும் இணைத்தார். இலத்தீனில் அவர் இரு சொற்களை எதிரெதிராக வைத்தார்: கடவுளை நோக்கிய அன்பு 'காரித்தாஸ்', உலகப் பொருள்களில் தேங்கி நின்றுவிடும் ஆசை 'குப்பிதித்தாஸ்'. இளமையில் நண்பர் ஒருவர் இறந்தபோது தாம் அடைந்த துயரைத் தமது 'அறிக்கைகள்' நூலின் நான்காம் பகுதியில் விவரிக்கிறார். இறக்கப் போகும் ஒருவரை இறவாதவர்போல் நேசித்ததே துயரின் காரணம் என்கிறார். நண்பரைக் கடவுளுக்குள் நேசிக்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. இதில் மனித அன்பு வெறும் ஏணிப்படியாகிவிடுகிறதே என்ற கேள்வி பிற்காலத்தில் எழுந்தது.

கிளேர்வோ மடத்தலைவர் பெர்னார்து (1090–1153) அன்பை நான்கு படிகளாக வகுத்தார். தன்னைத் தனக்காக நேசிப்பது முதற்படி. கடவுளைத் தன் நலனுக்காக நேசிப்பது இரண்டாவது. கடவுளைக் கடவுளுக்காகவே நேசிப்பது மூன்றாவது. அத்துடன் முடியும் என்று நாம் எண்ணுவோம். அவரோ, கடவுளுக்காகத் தன்னை நேசிப்பதை நான்காம் படியாக வைத்தார். மனிதர் தம்மை வெறுப்பது அல்ல இறுதி நிலை. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், காரித்தாஸ் என்பது கடவுளோடு கொள்ளும் நட்பு என்றார். அரிஸ்டாட்டில் இயலாது என்றதை, அரிஸ்டாட்டிலிடமே நட்பின் இலக்கணத்தைக் கற்றவர் இயலும் என்றார்.

லூத்தரின் வரையறை

1518 ஏப்ரலில் ஹைடல்பர்க் நகரில் மார்ட்டின் லூத்தர் முன்வைத்த இறையியல் கூற்றுகளில் இறுதியானது, 28ஆவது, இவ்வேறுபாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறது. மனித அன்பு விரும்பத்தக்க ஒன்றைக் கண்டபின் பிறக்கிறது. கடவுளின் அன்போ விரும்பத்தக்கதைத் தேடுவதில்லை, அதைத் தானே உருவாக்குகிறது என்பது அதன் கருத்து. இதன்படி பாவிகள் அழகாயிருப்பதால் நேசிக்கப்படுவதில்லை, நேசிக்கப்படுவதால் அழகாகிறார்கள். மனித அன்புக்குக் காரணம் நேசிக்கப்படுபவரிடம் உள்ளது. இறையன்புக்குக் காரணம் கடவுளிடமே உள்ளது.

இருபதாம் நூற்றாண்டு

சுவீடன் நாட்டு லூத்தரன் இறையியலாளர் ஆண்டர்ஸ் நீக்ரென் (1890–1978) 1930இலும் 1936இலும் இரு பகுதிகளாக வெளியிட்ட 'எரோஸும் அகாபேயும்' என்ற ஆய்வு இக்கருத்தை எல்லைவரை கொண்டு சென்றது. எரோஸ் மேலேறும், அகாபே இறங்கி வரும். இரண்டும் கலக்க முடியாதவை. அகுஸ்தீனார் அவற்றைக் கலந்தது பிழை என்றார் அவர். இன்று பரவலாக வழங்கும் அகாபே விளக்கத்திற்கு இந்நூல் பெரிதும் காரணம்.

அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் இக்கருத்து தெருவுக்கு வந்தது. 1955 டிசம்பரில் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. 1956 ஜனவரி 30 அன்று மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டபோது மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தனர். ஆயுதங்களோடு கூடிய மக்களிடம், பகைவரை நேசிக்க வேண்டும் என்று சொல்லி அவர்களை வீட்டிற்கு அனுப்பினார் கிங். 1958இல் வெளியான நூலில், அகாபே என்பது ஒருவரைப் பிடித்துப்போவது அல்ல, அவரது நலனை நாடும் உறுதி என்று விளக்கினார். வெறுப்பவரை விரும்பச் சொல்வது பொய்யாகிவிடும். அவருக்குத் தீங்கு நினையாதிருக்கச் சொல்வது இயலக்கூடியது.

நீக்ரெனின் பிரிவினையைப் பலர் ஏற்கவில்லை. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005 டிசம்பர் 25 தேதியிட்ட தமது முதல் சுற்றுமடலில், எரோஸையும் அகாபேயையும் முற்றாகப் பிரிக்க முடியாது என்றார். கொடுக்க மட்டுமே எவராலும் இயலாது. கொடுப்பவர் பெறவும் வேண்டும் என்பது அவர் காட்டிய காரணம்.

கருத்துரை

இரண்டு அன்புகளையும் ஒன்றாக்கினால், தகுதி பாராமல் வரும் அருளுக்கு இடமில்லாமல் போகிறது. முற்றாகப் பிரித்தால், தாயின் பாசமும் கணவன் மனைவி உறவும் கடவுளைப் பற்றி எதையும் சொல்ல முடியாதவை ஆகிவிடுகின்றன; ஓசேயாவும் ஏசாயாவும் சொன்னதற்குப் பொருளில்லாமல் போகிறது. யோவானின் முதல் திருமுகம் இரு பக்கத்தையும் பிடித்துக்கொள்கிறது. கடவுளே முதலில் அன்பு செய்தார் என்று கூறும் அதே இடத்தில், கண்ணால் கண்ட சகோதரரை நேசியாதவர் காணாத கடவுளை நேசிக்க முடியாது என்றும் கூறுகிறது. ஊற்று வேறு, ஆனால் அந்நீர் பாய்வதற்கு மனித உறவுகளைத் தவிர வேறு வாய்க்கால் இல்லை என்பதே அதன் பொருள்.