2 ஜிபி ரேமும் ஒரு ஸ்க்ரூடிரைவரும்: எங்க ஊர் லேப்டாப்பின் கதை

கொஞ்சம் நீளமான இழை. வீட்டில் லேப்டாப் கேட்டு அடம் பிடிக்கும் பிள்ளை இருந்தால் கடைசி வரை படிங்க.

போன மாசம் ஓ.பி.யில் ஒரு பையன். பாலிடெக்னிக் முதல் வருஷம், மெக்கானிக்கல். கூட அவங்க அப்பா. ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. பையனுடைய ரெண்டு தொடையிலும் வலை விரிச்ச மாதிரி பழுப்புக் கோடுகள். அரிப்பு இல்லை, வலி இல்லை.

"தேமல்னு நினைச்சு மருந்துக்கடையில ஆயின்ட்மென்ட் வாங்கிப் போட்டோம் சார், போகல" என்றார் அப்பா.

"தம்பி, லேப்டாப்பை எங்க வெச்சுப்பா விளையாடுறே?" என்று கேட்டேன். பையன் தலையைக் குனிஞ்சுட்டான்.

(அவங்க சம்மதத்தோடுதான் எழுதுறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கேன்.)

இதுக்கு எரிதிமா அப் இக்னே என்று பேர். லத்தீனில் 'நெருப்பால் வந்த சிவப்பு'. தோலைச் சுட்டுப் பொசுக்காத மிதமான சூடு, ஒரே இடத்தில் வாரக்கணக்கில் பட்டுக்கிட்டே இருந்தால் வரும். அந்தக் காலத்தில் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவங்களுக்கு வந்தது. காஷ்மீரில் கனல் சட்டியை உடைக்குள் வைத்துக் குளிர் காய்கிறவங்களுக்கு வந்தது. 2000-க்குப் பிறகு மருத்துவ இதழ்களில் லேப்டாப்பால் வந்த கேஸ்களும் பதிவாக ஆரம்பிச்சது.

பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. சூட்டை நிறுத்தினால் சில மாதங்களில் மங்கும். வருஷக்கணக்கில் விட்டால்தான் கறை நிரந்தரமாகும், அபூர்வமாகப் பிற்காலத்தில் தோல் புற்றாகவும் மாறலாம். "மடியில வைக்காதே, டேபிள்ல வை" என்று சொல்லி அனுப்பப் பார்த்தேன்.

அப்பா நகரலை.

"சார், அது பழைய செகண்ட் ஹேண்ட் லேப்டாப். சூடாகுது, நின்னு நின்னு போகுது. புதுசா கேமிங் லேப்டாப் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். 80,000 ரூபாயாம். ஈ.எம்.ஐ. போட்டு வாங்கலாமா?"

இதுக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் பதில் இல்லை. ஆனா என் சொந்தக் கதையில் இருக்கு. அதைச் சொல்லணும்னா 2011-க்குப் போகணும்.

2011 சட்டமன்றத் தேர்தல். அ.தி.மு.க. அறிக்கையில் மாணவர்களுக்கு மடிக்கணினி என்று ஒரு வாக்குறுதி. ஜெயலலிதா முதல்வரானதும், அண்ணா பிறந்தநாளான செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் திட்டம் தொடங்கியது. 'இலவசம்' என்று சொல்லாமல் 'விலையில்லா மடிக்கணினி' என்று பேர் வைத்தாங்க.

முதல் வருஷம் மட்டும் 9.12 லட்சம் பேருக்கு, 912 கோடி ரூபாயில். ஐந்து வருஷத்தில் 68 லட்சம் மாணவர்கள், 10,200 கோடி ரூபாய் என்பது போட்ட கணக்கு. டெண்டர், கொள்முதல் எல்லாம் அரசு நிறுவனமான எல்காட் பொறுப்பு.

நான் அப்போ அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. எங்க வேப்பனப்பள்ளிப் பக்கம் கர்நாடக எல்லையை ஒட்டினது. ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் கேட்கும். ஆனா அந்தத் தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கிடையாது. கிருஷ்ணகிரியில் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து உட்கார்ந்ததுதான் எங்க அனுபவம்.

லேப்டாப் வந்த அன்னிக்கு வீட்டில் சாமி படத்துக்கு முன்னாடி வைத்துக் குங்குமம் வெச்சாங்க அம்மா. 14 அங்குலத் திரை, 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் பண்ணினால் ரெண்டு வழி காட்டும்: ஒன்று விண்டோஸ் 7. இன்னொன்று சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ்.

அப்போ ஊருக்கு ஊர் ஒரு பேச்சு. "இதுல பசங்க படம் பார்ப்பானுங்க, கேம் ஆடுவானுங்க." உண்மைதான். ஆடினோம். ஜிடிஏ வைஸ் சிட்டி, கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6, நீட் ஃபார் ஸ்பீடு மோஸ்ட் வான்டட். பென் டிரைவில் ஊரெல்லாம் சுத்தின கேம்கள். சிலர் லேப்டாப்பை வித்தாங்க, சிலர் அடகு வெச்சாங்க. அதுவும் நடந்தது, மறைக்க வேண்டாம்.

ஆனா இன்னொன்றும் நடந்தது. கேம் திணறும். ஏன் திணறுதுன்னு தெரிஞ்சே ஆகணும். அந்தக் கேள்விதான் எங்களை லேப்டாப்பின் அடிப்பக்கத்துக்குக் கொண்டு போச்சு.

விஷயம் இதுதான். அந்த லேப்டாப்புகளில் தனி கிராஃபிக்ஸ் சிப் கிடையாது. திரையில் படம் வரையும் வேலைக்கும் அதே 2 ஜிபி ரேமில் இருந்துதான் பங்கு எடுக்கும். ஒரு சோற்றுப்பானை, ரெண்டு பந்தி. ரேமைக் கூட்டினால் கேம் ஓடும் என்று ஒரு சீனியர் அண்ணன் சொன்னார்.

சென்னைக்காரங்களுக்கு ரிச்சி தெரு. எங்களுக்குப் பெங்களூர் எஸ்.பி. ரோடு. கிருஷ்ணகிரி, ஓசூர், அத்திப்பள்ளி என்று பஸ் மாறி, மார்க்கெட்டில் இறங்கி நடந்தோம். தெரு முழுக்கப் பெட்டிக்கடை அகலத்தில் கம்ப்யூட்டர் பாகக் கடைகள். அரைகுறைக் கன்னடத்தில் பேரம் பேசி 2 ஜிபி ரேம் ஒன்று வாங்கினோம். வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் மின்னணுப் பொருள் அதுதான்.

வீட்டுக்கு வந்து அடிமூடியின் ரெண்டு ஸ்க்ரூவைக் கழட்டினேன். காலியாக ஒரு ஸ்லாட், எனக்காகவே காத்திருந்த மாதிரி. சாய்வாகச் செருகி அழுத்தினால் 'டிக்'. ஆன் பண்ணிப் பார்த்தால் 4 ஜிபி என்று காட்டுது. பக்கத்திலேயே, பயன்படுத்தக்கூடியது 2 ஜிபி என்றும் காட்டுது!

தப்பு என்னோடது. என்கிட்ட இருந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். அந்தப் பதிப்புக்கு உச்சவரம்பே 2 ஜிபிதான். அதில் வால்பேப்பர் கூட மாற்ற முடியாது. வாங்குறதுக்கு முன்னாடி படிச்சிருக்கணும். படிக்கலை. அதே லேப்டாப்பில் லினக்ஸுக்குப் போனால் கூடுதல் ரேமையும் எடுத்துக்கிட்டு ஜோராக ஓடுச்சு. பாகமும் மென்பொருளும் ஒத்துப்போகணும் என்கிற பாடத்தை அன்னிக்குப் படிச்சேன்.

இப்போ கொஞ்சம் உலகத்துக்குப் போயிட்டு வருவோம்.

கேமுக்கென்று தனி சிப் என்ற கதை 1999-ல் சூடு பிடிக்குது. என்விடியா, ஜீஃபோர்ஸ் 256 என்ற கார்டை 'உலகின் முதல் ஜிபியு' என்று விளம்பரம் செய்தது. அடுத்த வருஷமே அந்த வகைச் சிப்பை லேப்டாப்புக்கும் சுருக்கிக் கொண்டு வந்தாங்க. 2006-ல் கேமிங் கம்ப்யூட்டருக்குப் பேர் போன ஏலியன்வேரை டெல் வாங்கியது. அதே வருஷம் ஏசுஸ் நிறுவனம் கேமர்களுக்கென்றே ஆர்.ஓ.ஜி. வரிசையைத் தொடங்கியது.

2012-ல், நாங்க எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசிய காலத்தில், ரெண்டு விஷயம் நடந்தது.

ஒன்று, கனடாவின் டொரண்டோவில். ஜெஃப்ரி ஹிண்டனின் மாணவர் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, கேம் விளையாட விற்கப்பட்ட ரெண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுகளை வைத்து, படங்களைப் பார்த்து அடையாளம் சொல்லும் நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கினார். அலெக்ஸ்நெட் என்று பேர். இன்றைய ஏஐ அலைக்கு அது ஒரு முக்கியமான தொடக்கம். ஹிண்டனுக்கு 2024-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே 'கேம் ஆடுற சாமான்' என்று இளக்காரமாகச் சொல்லாதீங்க. ஓசூர் சிப்காட்டில் வேலை தேடப் போகும் பையனுக்கு கேட் மென்பொருளில் முப்பரிமாண வரைபடம் சுழலவும் அதே வகைச் சிப்தான் உதவுது.

இன்னொன்று, ஆப்பிளின் ரெட்டினா மேக்புக் ப்ரோ. அதில் ரேமை மதர்போர்டோடு சேர்த்து சால்டர் பண்ணிட்டாங்க. ஸ்லாட் இல்லை, 'டிக்' சத்தம் இல்லை. வாங்கும் நாளில் என்ன இருக்கோ கடைசி வரை அதுதான். மெலிசாக, அழகாக இருந்தது. மற்ற கம்பெனிகளின் மெல்லிய மாடல்களிலும் இது பரவியது.

அந்த வருஷம் என் கையில் ஸ்க்ரூடிரைவர் வந்தது. அதே வருஷம் உலகத்தில் ஸ்க்ரூடிரைவருக்கு வேலை குறைய ஆரம்பிச்சது.

என் லேப்டாப் எம்.பி.பி.எஸ். முழுக்கக் கூட வந்தது. 2017-ல் அது எழுந்து நிற்கவே அஞ்சு நிமிஷம் ஆகும். ஹவுஸ் சர்ஜன் ஆனதும் முதல் ஸ்டைபண்டில் ஒரு 120 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு மாட்டினேன். இருபது செகண்டில் எழுந்தது. கிழவனுக்குக் கண்புரை ஆபரேஷன் பண்ணின மாதிரி.

இப்போ அந்தப் பையனுக்கு வருவோம். "அடுத்த வாரம் வரும்போது லேப்டாப்பையும் எடுத்துட்டு வா" என்றேன்.

டாக்டர் நோயாளியைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தோம். முதலில் அறிகுறி: சூடு, திணறல். அடுத்து பரிசோதனை: டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்குது, உள்ளே பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். ரேம் 8 ஜிபி, ஒரே குச்சி, பக்கத்து ஸ்லாட் காலி. அடிமூடியைத் திறந்தால் ஃபேனில் தூசி, கம்பளி மாதிரி. மடியிலும் மெத்தையிலும் வைத்ததால் காற்று உள்ளே போகும் வழியே அடைபட்டிருக்கு. சிப்புக்குக் காய்ச்சல் வந்தால் தன்னைக் காப்பாற்றிக்கத் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். கேம் 'நின்னு நின்னு' போனது அதனால்தான்.

ஆக, நோய் வேற. அவன் கேட்ட மருந்து வேற.

எஸ்எஸ்டி, எஸ்.பி. ரோட்டில் பழைய ரேம் குச்சி ஒன்று, தெர்மல் பேஸ்ட், ஒரு பெயின்ட் பிரஷ். எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம். கழட்டி மாட்டினது பையன்தான். நான் டார்ச் மட்டும் பிடிச்சேன். ரேம் 'டிக்' என்று உட்கார்ந்தபோது அவன் முகத்தைப் பார்த்தேன். 2012-ல் நான் அப்படித்தான் இருந்திருப்பேன்.

அப்போ புதுசே வாங்கக் கூடாதா? அப்படிச் சொல்லலை. உண்மையிலேயே தேவைப்பட்டால் வாங்குங்க. ஆனா இதைப் பார்த்து வாங்குங்க:

ரேமுக்கு ஸ்லாட் இருக்கா, சால்டரா என்று கேளுங்க. 2025 கடைசியில் இருந்து, ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போவதால், ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கு. இன்னிக்கு ஒரு குச்சியோடு வாங்கி, விலை இறங்கும்போது இன்னொன்று போட வழி இருக்கணும்.

கிராஃபிக்ஸ் சிப்பை அநேகமாக எந்த லேப்டாப்பிலும் பின்னாடி மாற்ற முடியாது. காசை முதலில் அங்கே போடுங்க. பேரை மட்டும் பார்க்காதீங்க. ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பேரில் 35 வாட்டும் உண்டு, 115 வாட்டும் உண்டு. வாட் குறைஞ்சால் வேகமும் குறையும்.

எஸ்எஸ்டிக்கு இன்னொரு இடம் காலியாக இருக்கா பாருங்க. அடிமூடியைத் திறந்தால் வாரன்டி போகுமா என்பதை எழுத்தில் கேளுங்க.

வாங்கி வந்ததும் டேபிளில் வைத்து, பின்பக்கம் கொஞ்சம் உயர்த்தி வைங்க. எர்த் உள்ள பிளக்கில் மாட்டுங்க. எப்பவும் சார்ஜரிலேயே இருந்தால் பேட்டரியை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியை ஆன் பண்ணுங்க. ராத்திரி பதினோரு மணிக்கு மூடுங்க. கட்டுப்பாடே இல்லாமல், படிப்பையும் உறவையும் விட்டு விளையாடும் நிலையை 'கேமிங் டிஸார்டர்' என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலே சொல்லுது. 2022-ல் இருந்து அது நடைமுறையில் இருக்கு. கொஞ்ச நேரம் விளையாடுவது நோய் இல்லை, அதையும் பெற்றோர் புரிஞ்சுக்கணும்.

2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு ரெண்டு வருஷத்தில் கணினி தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. நல்ல விஷயம். வாங்கும் பிள்ளைகளுக்கு இந்த அண்ணன் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கு. எனக்குக் கிடைத்தது சக்தி வாய்ந்த கணினி இல்லை. ஆனா அது திறக்க முடிந்த கணினி. அதனால்தான் ஆறு வருஷம் உழைத்தது, அதனால்தான் எனக்கு ஏதோ கற்றுக் கொடுத்தது.

பையன் நேத்து வந்திருந்தான். தொடைக் கறை மங்க ஆரம்பிச்சிருக்கு. கேட் மென்பொருளில் ஒரு கியர் வரைஞ்சு போனில் போட்டோ எடுத்துட்டு வந்து காட்டினான். "பக்கத்து வீட்டு அண்ணன் லேப்டாப்பையும் கழட்டித் தூசி தட்டிக் கொடுத்தேன் சார்" என்றான்.

அப்பா வெளியே நின்னுட்டிருந்தார். ஈ.எம்.ஐ. பற்றி அவர் எதுவும் கேட்கலை.