செம்மரக் காப்பும் கல்வராயன் மலை மக்களும்: ஒரு பன்னாட்டு உடன்படிக்கையின் உள்ளூர் வரலாறு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வடக்கனந்தல், கல்வராயன் மலையடிவாரத்தில் அமைந்த ஊராகும். அதனையடுத்து வெள்ளிமலை நோக்கிச் செல்லும் சாலை அம்மலையின் வாயில்களுள் ஒன்று. செம்மரக் காடுகள் இம்மலைக்கு உரியன அல்ல. அவை பெரும்பாலும் ஆந்திரத்தின் சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா மலைத்தொடர்களைச் சார்ந்தவை. எனினும், செம்மரத்தைக் காக்க உலக நாடுகள் மேற்கொண்ட கூட்டு முயற்சியின் வரலாற்றைக் கல்வராயனை விலக்கி எழுத இயலாது.

1976ஆம் ஆண்டு இவ்வகையில் கருதத்தக்கது. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் எனும் மூன்று ஜாகீர்களின் கீழிருந்த கல்வராயன் மலை அவ்வாண்டில்தான் அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தது. அதே ஆண்டு ஜூலையில், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையை இந்தியா ஏற்புறுதி செய்தது. இவ்விரண்டுக்கும் அன்று தொடர்பேதும் இல்லை. தொடர்பு உருவாகச் சுமார் நாற்பது ஆண்டுகள் ஆயின.

1973இல் வாஷிங்டனில் கையெழுத்தான இவ்வுடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில், இந்தியாவின் முன்மொழிவின் பேரில், 1995 முதல் செம்மரம் இடம்பெற்றது. இப்பின்னிணைப்பு வணிகத்தை முற்றாகத் தடை செய்வதில்லை. ஏற்றுமதியால் அவ்வினத்தின் இருப்புக்கு ஊறு நேராது என ஏற்றுமதி நாடு சான்றளிக்க வேண்டும். இறக்குமதி நாடு அவ்வனுமதிச் சீட்டைக் கேட்டுப் பெற வேண்டும். சீனத்தின் அரண்மனைப் பாணி மரச்சாமான்களுக்கும் ஜப்பானின் ஷாமிசென் இசைக்கருவிக்கும் இம்மரம் வேண்டப்பட்டதால், காப்பு முயற்சி ஒரு நாட்டின் எல்லைக்குள் அடங்குவதாக இல்லை. 2004 முதல் இந்தியச் செம்மர வணிகம் உடன்படிக்கையின் சிறப்பு மறுஆய்வில் வைக்கப்பட்டிருந்தது. 2023 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய நிலைக்குழு அதனை விலக்கிக்கொண்டது. ஆவணங்களை மட்டும் நோக்குவோர்க்கு இது வெற்றி வரலாறாகவே தோன்றும்.

காட்டினுள் நிலை வேறு. சட்டமுறை வரத்து சுருங்கியபோதும் வெளிநாட்டுத் தேவை குன்றவில்லை, கள்ளச்சந்தை வளர்ந்தது. கல்வராயன், சித்தேரி, ஜவ்வாது மலைகளின் மலையாளிப் பழங்குடியினர் மானாவாரிச் சாகுபடியோடு கேரள, கருநாடகத் தோட்டங்களுக்குப் பருவந்தோறும் கூலிக்குச் சென்று வந்தவர்கள். அப்புலம்பெயர்வுக்கு முன்பணம் கொடுத்து ஆள்திரட்டும் வழக்கத்தையே செம்மரத் தரகர்களும் கைக்கொண்டனர். 2013 டிசம்பரில் சேஷாசலத்தில் இரு வன அலுவலர்கள் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் சிறைப்பட்ட நூற்றுக்கணக்கான தமிழகத் தொழிலாளர் பின்னர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். 2015 ஏப்ரல் 7 அன்று அதே காட்டில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் கண்டெடுக்கப்பட்ட ஐந்து உடல்களும் சேலம் மாவட்டக் கல்வராயனின் கருமந்துறைப் பகுதியினருடையவை.

இதே காலத்தில் பறிமுதல் செய்யப்பட்ட மரத்தை விற்கும் பணியும் நடந்தது. 8,500 டன்னுக்கும் மேற்பட்ட செம்மரத்தை ஏற்றுமதிக்கு விற்க ஆந்திர அரசு நடுவண் அரசின் இசைவைப் பெற்று, 2014இல் மின்னணு ஏலத்தைத் தொடங்கியது. வெட்டியவரைச் சிறையில் வைத்த அதே மரம் அரசுக்கு வருவாயாயிற்று. உடன்படிக்கை இதற்கு இடமளிக்கிறது. அதன் மொழியில் நாடுகளும் மாதிரிகளும் அனுமதிச் சீட்டுகளும் உண்டு, வெட்டும் கூலியாள் இல்லை. உடன்படிக்கைக் கூட்டங்களின் குறிப்புகள் டன்களில் எண்ணுகின்றன, வழக்குப் பதிவேடுகள் ஆட்களில் எண்ணுகின்றன. ஆய்வாளர்கள் இவ்விரு சான்றுத் தொகுதிகளையும் பெரிதும் தனித்தனியாகவே அணுகியுள்ளமை வியப்புக்குரியது.

1992இன் பல்லுயிர் உடன்படிக்கை இவ்வகையில் ஒரு படி முன்னேறியது. உயிர்வளத்தின் பயனைச் சமூகங்களோடு பகிர்தல் அதன் நோக்கங்களுள் ஒன்று. அதன்வழி வந்த 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் தேசியப் பல்லுயிர் ஆணையம், 2025இல் திருவள்ளூர் மாவட்டத்தில் செம்மரம் வளர்த்த 18 விவசாயிகளுக்கு 55 இலட்சம் ரூபாய் விடுவித்தது. பயன் பெற நிலமும் நிலத்துக்கு ஆவணமும் வேண்டும். கல்வராயனில் ஜாகீர் ஒழிந்தபின்னும் நில உரிமை தெளிவுறவில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி தமிழகத்தில் உரிமை ஆவணம் வழங்குவதை 2008இன் உயர் நீதிமன்ற இடைக்கால ஆணை கட்டுப்படுத்தியது. உச்ச நீதிமன்றம் அதனை விலக்கியது 2016இல். மேற்கண்ட கைதுகளும் 2015ஆம் ஆண்டுக் கொலைகளும் நிகழ்ந்தவை இவ்விடைப்பட்ட எட்டாண்டுகளிலேயே.