சுழி போடும் கட்டளை

நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. ஷட்டருக்குக் கீழே தண்ணீர் சுழன்று இழுக்கும் இடத்துக்குச் சுழி என்று பெயர். மாட்டின் நெற்றியில் மயிர் சுழன்றாலும் சுழி, பிள்ளையாருக்குப் போடுவதும் சுழி. பாடநூலின் 'சுழியம்' இந்த வீட்டுப் பிள்ளைதான்.

பழைய நிலக் கணக்கில் அதற்கு வேலை இருக்கவில்லை. பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக் குறிகள் இருந்ததால் 205 குழியை ௨௱௫ என்று எழுதி முடித்தார்கள். யூனிகோடிலும் தமிழ் ஒன்றுக்கு முந்தைய இடம் வெறுமனே கிடந்தது, 2005இல், 4.1 பதிப்பில்தான் ௦ வந்து உட்கார்ந்தது.

பேச்சில் சுழியத்தைவிடச் சைபர்தான் அதிகம். சமஸ்கிருத 'சூன்ய'த்தை அரபுக்காரர்கள் 'சிஃப்ர்', அதாவது வெறுமை, என்று பெயர்த்தார்கள். 1202இல் பிபோனாச்சி அதை 'செஃபிரம்' என்று லத்தீனில் எழுதினார். இத்தாலியில் அது தேய்ந்து 'ஜீரோ' ஆயிற்று. ஆக, சைபரும் ஜீரோவும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள். வணங்கத்தக்கது என்று பொருள்படும் 'பூஜ்ய'மோ தமிழிலும் மலையாளத்திலும் எண்ணாகிவிட்டது.

இந்தப் பெயர்களை இப்போது கிளறக் காரணம் ஒரு கட்டளை. மெய்நிகர் கணினிகளின் வட்டுக் கோப்புகளைக் கையாளும் லிப்கெஸ்ட்எஃப்எஸ் என்ற நூலகத்தில் 'ஜீரோ ஃப்ரீ ஸ்பேஸ்' என்று ஒன்று உண்டு. கோப்பை அழித்தாலும் அதன் பைட்டுகள் வட்டில் அப்படியே கிடக்கும். வெளியிலிருந்து பார்க்கும் கணினிக்கு அது காலியிடம் என்று தெரியாது. அதனால் இக்கட்டளை, இடம் தீரும்வரை சைபர்களை மட்டும் ஒரு கோப்பில் எழுதி, பிறகு அதை அழித்துவிடும். அப்புறம் வட்டுக் கோப்பு நன்றாகச் சுருங்கும். ஒகாமல் மொழியில் எழுதிய இந்நூலகத்தின் ஆக்கி நிரல், கட்டளையின் ஒரே விவரிப்பிலிருந்து பைத்தான், பெர்ல், ரூபி, ஜாவா இணைப்புகளைத் தானே எழுதிவிடுகிறது. ஆங்கிலப் பெயரும் அப்படியே கூடப் போகிறது.

தமிழில் என்ன சொல்வது? 'காலியிடத்தைச் சைபரால் நிரப்பு' என்றால் வேடிக்கைதான்: 'காலி'யும் அரபு வழி வந்தது, அதற்கும் வெறுமையே பொருள். 'சூனியம்' என்றாலோ வட்டுக்கு யாரோ செய்வினை வைத்ததுபோல் ஆகிவிடும். இங்கே நடப்பதோ எழுதும் வேலை. ஒவ்வொரு பைட்டிலும் ஒரு குறி விழுகிறது. வெறுமையைச் சுட்டாமல் எழுதும் வளைவைச் சுட்டும் சொல் நம்மிடம் ஒன்றுதான் இருக்கிறது. 'காலியிடத்தில் சுழி போடு' என்பேன். அகராதிக்காரர்கள் 'சுழியமாக்கு' என்பார்கள். அது கொஞ்சம் விறைப்பு.