சவலை

யாப்பிலக்கணம் பயின்றோர் சவலை வெண்பாவை அறிவர். நான்கடி வெண்பாவில் இரண்டாம் அடி தனிச்சொல் பெறாது முச்சீரோடு நின்றுவிட்டால் அது சவலை. இரு குறள் வெண்பாக்களை அடுக்கி வைத்தாற்போல் தோன்றும். நடுவே ஒரு சீர் குறைந்து நிற்கும் அப்பாட்டின் பெயரே தாய்ப்பால் குன்றி மெலிந்த குழந்தைக்கும் வழங்குகின்றது. புலவரும் தாயரும் ஒரு சொல்லில் சந்திக்கும் இடம் இது.

இல்லங்களில் 'சவலைப்பிள்ளை' என்றால், அடுத்த கரு தங்கியதும் பால் மறக்கடிக்கப்பட்டு, மார்பையும் மடியையும் ஒருங்கே இழந்து ஏங்கி இளைத்த மூத்த குழந்தை என்பதே பொருள். நோயின் பெயர் மட்டுமன்று, அதன் காரணமும் அச்சொல்லுள் அடங்கியிருத்தல் காண்க.

இதற்கு இணையான சொல் ஒன்று ஆப்பிரிக்காவிலும் உண்டு. யமைக்காவில் பிறந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், இன்று கானா எனப்படும் பொற்கரை நாட்டில் பணியாற்றியபோது, கால் வீங்கி, முடி செம்பட்டையாகி, தோல் உரிந்து, எதிலும் நாட்டமின்றிக் கிடந்த குழந்தைகளைக் கண்டார். 1933இல் அந்நோயை விவரித்து எழுதினார். 1935இல் அதற்குக் 'குவாஷியோர்கர்' என்று அங்குள்ள கா மக்களின் சொல்லையே பெயராகச் சூட்டினார். அடுத்த குழந்தை பிறக்கையில் முந்தைய குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே காரணத்தைச் சுட்டியுள்ளன. ஆயினும் சவலை என்பது மெலிவு. குவாஷியோர்கரோ வீக்கத்தோடு கூடியது. இரண்டும் ஒன்றாகுமா என்ற ஐயம் எழுதல் இயல்பே.

அவ்வையத்தை அகற்றிய ஆராய்ச்சிக்கூடம் நம் மல்காஜ்கிரிக்கு அண்மையில், தார்நாகாவில் உள்ளது. 1918இல் குன்னூரில் இராபர்ட் மக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு பிரிவே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. நீலகிரியிலிருந்து தக்காணத்துக்கு வந்த அந்நிறுவனத்தை நடத்தியவர்களுள் தலையாயவர் டாக்டர் சி. கோபாலன். 1918இல் சேலத்தில் பிறந்து, நூறாண்டு வாழ்ந்து, 2019இல் மறைந்தவர். பிழைப்புத் தேடி இங்கு வந்த தமிழர் வரலாற்றை எழுதுவோர் இரயில்வேயையும் இராணுவத்தையும் சொல்வர். இவரைச் சொல்வோர் சிலரே.

மெலிந்த குழந்தையும் வீங்கிய குழந்தையும் உண்ட உணவில் வேறுபாடில்லை என்று கோபாலன் காட்டினார். புரதக் குறைவே இந்நோய்க்கு வேர் என உலகம் நம்பியிருந்த காலம் அது. நம் நாட்டுக் குழந்தைகளுக்குக் குறைந்தது முதலில் சோறே, வயிறு நிறைய உணவே என்று அவர் வாதிட்டார். பால் பவுடரும் விலையுயர்ந்த புரத உணவும் விற்போருக்கு இது உவப்பான செய்தியாக இருந்திராது.

அங்ஙனமாயின் பிழை பாலை நிறுத்தியதில் மட்டும் இல்லை. அதன் இடத்தில் வைத்த நீர்த்த கஞ்சியிலும் இருக்கிறது. குழந்தையின் வயிறு சிறியது. நீராகக் கரைத்தால் வயிறு நிறையும், உடல் நிறையாது. மாவைக் கூட்டினால் பசைபோல் இறுகி விழுங்க இயலாது. நம் பாட்டிமார் கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, வறுத்துத் திரித்ததன் நுட்பம் இங்கேதான் விளங்குகின்றது. முளைக்கும் தானியத்தில் தோன்றும் நொதி மாச்சத்தை உடைப்பதால், கூடுதல் மாவு சேர்த்தும் கஞ்சி இளகியே இருக்கும்.

தார்நாகா நிறுவனமும் அடுப்படிப் பொருளையே நாடியது. 'ஐதராபாத் கலவை' எனப் பெயர்பெற்ற உணவில் வறுத்த கோதுமை 40 கிராம், கடலைப்பருப்பு 16, நிலக்கடலை 10, வெல்லம் 20. இவை ஏறத்தாழ 330 கலோரியும் 11 கிராம் புரதமும் தரும். தகர டப்பாவுக்கு இங்கு வேலையில்லை.

இனிப் பால் நிறுத்தும் முறை. தமிழில் இது மறக்கடித்தல். நம்மைச் சூழ்ந்த தெலுங்கு மக்களிடம் 'பாலு மான்பிஞ்சடம்'. அம்மொழியில் புண் ஆறுதலையும் இதே வேர்ச்சொல்லால் குறிப்பர். வேப்பிலை அரைத்து மார்பில் பூசிக் கசக்கச் செய்வதை மறக்கடித்தல் என்பது எனக்கு ஒப்பவில்லை. ஒரே நாளில் நிறுத்தினால் குழந்தை வெருளும், தாய்க்கோ பால் கட்டிக் காய்ச்சலும் வரும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பின்னர் உணவோடு இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் பால் என்பது இன்றைய உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நிறுத்தும் வேளை வந்தால், பகற்பால் ஒன்றை விட்டுச் சில நாள் பொறுத்து அடுத்ததை விடலாம். குழந்தை நோயுற்றிருக்கையில் தொடங்கலாகாது. மார்பு கனத்தால் சிறிது பீய்ச்சி, குளிர்ந்த துணியிடலாம்.

பால் வற்ற மல்லிகைப் பூவை மார்பில் கட்டும் வழக்கமும் தென்னாட்டில் உண்டு. பூவால் என்ன ஆகும் என நகைத்தவருள் நானும் ஒருவன். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் அதனைப் புரோமோகிரிப்டின் என்னும் மருந்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 1988இல் வெளியிட்டனர். குருதியில் பால் சுரப்பிக்கும் இயக்குநீரை மருந்தே மிகுதியாகக் குறைத்தது. பால் வற்றுவதிலும் மார்பு கட்டாமல் காப்பதிலும் குண்டுமல்லி அதற்குப் பின்வாங்கவில்லை.

கடைசியாக விடவேண்டியது இரவுப் பால். உறங்குமுன் குழந்தை கேட்பது பசிக்காக அன்று. அந்நேரம் தந்தையோ பாட்டியோ தோளிலிட்டுத் தட்டிக் கொடுக்கலாம். பால் போனாலும் மடி போகவில்லை என்று குழந்தை அறியவேண்டும். சவலைப்பிள்ளை இழந்தது அவ்விரண்டையும் அன்றோ?