கொசுக்கடி ஒவ்வாமை

கொசுக்கடி ஒவ்வாமை என்பது, கொசு கடிக்கும்போது தோலினுள் செலுத்தும் உமிழ்நீரில் உள்ள புரதங்களுக்கு எதிராக உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு காட்டும் எதிர்வினை ஆகும். கொசு இலங்கைத் தமிழில் நுளம்பு எனப்படும். பெரும்பாலானோருக்கு இந்த எதிர்வினை சிறு தடிப்புடனும் அரிப்புடனும் நின்றுவிடும. சில குழந்தைகளுக்கு மட்டும் கடிபட்ட இடம் பெரிதாக வீங்கிச் சிவந்து, சில வேளைகளில் காய்ச்சலும் உண்டாகிறது. இக்கடும் வடிவம் ஸ்கீட்டர் கூட்டறிகுறி எனப்படுகிறது.

இவ்வீக்கம் பாக்டீரியாவால் ஏற்படும் தோல் தொற்றைப் போலவே தோன்றும். ஆனால் இரண்டிற்கும் உரிய சிகிச்சை வேறு. ஆகவே இதனைச் சரியாக இனங்காண்பது, குழந்தைக்குத் தேவையற்ற மருந்துகளைத் தவிர்க்கவும், உண்மையான தொற்றைக் காலந்தாழ்த்தாமல் கண்டறியவும் உதவுகிறது. ஆண்டு முழுவதும் கொசுக்கள் காணப்படும் மதுரை நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் கடிபடாமல் வளரும் குழந்தை அரிது. இக்கட்டுரையில் தடுப்பு முறைகள் அப்பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கப்படுகின்றன.

பெயர்

ஸ்கீட்டர் என்பது கொசுவைக் குறிக்கும் அமெரிக்கப் பேச்சுவழக்குச் சொல். கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்டெல் சைமன்ஸ், ஜிகாங் பெங் ஆகியோர் 1999 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இப்பெயரைப் பயன்படுத்தினர். கொசு கடித்த சில மணி நேரத்தில் பெரும் வீக்கமும் காய்ச்சலும் கண்ட ஐந்து சிறு குழந்தைகளைப் பற்றியது அக்கட்டுரை. அக்குழந்தைகள் அதற்கு முன்னர் நல்ல உடல்நலத்துடன் இருந்தவர்கள்.

காரணம்

பெண் கொசுக்கள் மட்டுமே இரத்தம் உறிஞ்சுகின்றன. முட்டைகள் வளர அவற்றுக்கு இரத்தத்திலுள்ள புரதம் தேவை. உறிஞ்சும்போது இரத்தம் உறையாமல் இருக்கவும் இரத்தக் குழாய்கள் விரிந்திருக்கவும் கொசு தன் உமிழ்நீரைத் தோலினுள் செலுத்துகிறது. வீக்கத்திற்குக் காரணம் இந்த உமிழ்நீரே. ஊசி போன்ற வாயுறுப்பு ஏற்படுத்தும் துளை அன்று.

உமிழ்நீர்ப் புரதங்களை அயற்பொருளாக உணரும் உடல், அவற்றுக்கு எதிராகப் பிறபொருளெதிரிகளை உருவாக்குகிறது. இவற்றுள் ஐஜிஇ வகையைச் சேர்ந்தவை தோலிலுள்ள மாஸ்ட் செல்களைத் தூண்டி ஹிஸ்டமினை வெளியிடச் செய்கின்றன. கடித்த சில நிமிடங்களில் தோன்றும் தடிப்புக்கும் அரிப்புக்கும் ஹிஸ்டமினே முதன்மைக் காரணம். ஒரு நாள் கழித்துத் தோன்றும் கெட்டியான சிவந்த புடைப்பில் டி வகை வெள்ளணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

"இரத்தம் கெட்டுவிட்டது", "இரத்தம் இனிப்பானது" என்று மக்களிடையே கூறப்படும் விளக்கங்களுக்கு அறிவியல் அடிப்படை இல்லை. இவ்வொவ்வாமை ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை.

வயதும் எதிர்வினையும்

கொசுக்கடிக்கு உடல் காட்டும் எதிர்வினை காலப்போக்கில் மாறுவதைப் பிரித்தானியப் பூச்சியியலாளர் கென்னத் மெல்லன்பி 1946 ஆம் ஆண்டில் விளக்கினார். அதன்படி இம்மாற்றம் ஐந்து நிலைகளைக் கொண்டது.

1. முதன்முறை கடிபடுபவருக்கு எதிர்வினை ஏதும் தோன்றுவதில்லை.
2. சில கடிகளுக்குப் பின், காலந்தாழ்ந்த புடைப்பு மட்டும் தோன்றுகிறது.
3. தொடர்ந்து கடிபடும்போது உடனடித் தடிப்பு, காலந்தாழ்ந்த புடைப்பு ஆகிய இரண்டும் தோன்றுகின்றன.
4. பின்னர் உடனடித் தடிப்பு மட்டும் எஞ்சுகிறது.
5. இறுதியில் எதிர்வினை மறைகிறது.

ஒரே வீட்டில் ஒரே இரவில் கடிபட்டாலும் பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகாமல் குழந்தைக்கு மட்டும் வீங்குவது இதனால்தான். பெரும்பாலான குழந்தைகளில் வளர வளர இந்த எதிர்வினை தானாகவே தணிகிறது.

உமிழ்நீர்ப் புரதங்கள் கொசு இனத்திற்கு இனம் ஓரளவு வேறுபடுகின்றன. ஆகவே ஓர் ஊரின் கொசுக்களுக்குப் பழகிய உடல் மற்றோர் ஊரின் கொசுக்களுக்குப் பழகியதாக இராது. வெளிநாட்டில் வளர்ந்து விடுமுறைக்குத் தமிழ்நாடு வரும் குழந்தைகளுக்குக் கடும் வீக்கம் ஏற்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும். நோயெதிர்ப்புக் குறைபாடு உள்ளவர்களுக்கும் கடும் எதிர்வினை ஏற்படலாம்.

அறிகுறிகள்

இயல்பான எதிர்வினையில் 20 முதல் 30 நிமிடங்களில் வெளிறிய தடிப்பும் அதைச் சுற்றிச் சிவப்பும் தோன்றும். அடுத்த ஓரிரு நாள்களில் அரிக்கும் புடைப்பு உருவாகி, சில நாள்களில் மறையும்.

ஸ்கீட்டர் கூட்டறிகுறியில் கடித்த சில மணி நேரத்திலேயே வீக்கம் பரவத் தொடங்குகிறது. கடிபட்ட இடம் சூடாகவும் சிவந்தும் வலியுடனும் இருக்கும். கண்ணிமையில் கடித்தால் கண் மூடிக்கொள்ளும், காதுமடல் தடிக்கும், கையில் கடித்தால் விரல்களை மடக்க இயலாது. நீர்க்கொப்புளம், காய்ச்சல், வாந்தி ஆகியனவும் தோன்றலாம். வீக்கம் 3 முதல் 10 நாள்களில் வடிகிறது.

மற்றொரு வடிவமான கொப்புளத் தடிப்புநோயில், கைகால்களில் சிறு புடைப்புகள் கூட்டமாகத் தோன்றி வாரக்கணக்கில் நீடிக்கும். புதிதாக ஓரிடத்தில் கடிபடும்போது பழைய புடைப்புகளும் மீண்டும் அரிக்கத் தொடங்குவது இதன் தனித்தன்மை. சொறிந்த இடங்களில் கருந்தழும்புகள் பல மாதங்கள் நிற்கும்.

கொசுக்கடியால் உடல் முழுவதும் பரவும் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை மிக அரிது. மூச்சுத்திணறல், உதடு அல்லது நாக்கு வீக்கம், உடலெங்கும் தடிப்பு, மயக்கம் ஆகியன அதன் அறிகுறிகள். இந்நிலையில் தசையில் செலுத்தப்படும் அட்ரினலின் ஊசியே முதல் சிகிச்சை. 108 அவசர ஊர்தியை உடனே அழைக்க வேண்டும்.

பிற நோய்களிலிருந்து வேறுபடுத்தல்

தோல் தொற்று: ஒவ்வாமை வீக்கத்தையும் தொற்றையும் பிரித்தறியக் காலமே சிறந்த குறிப்பு. ஒவ்வாமை வீக்கம் கடித்த சில மணி நேரத்தில் தொடங்குகிறது, அரிப்பு மிகுந்திருக்கும். பாக்டீரியத் தொற்று பொதுவாக ஓரிரு நாள்களுக்குப் பின், சொறிந்து புண்ணான இடத்தில் தொடங்குகிறது. அதில் வலி மிகுந்திருக்கும், சீழ் பிடிக்கலாம், சிவப்பு நாளுக்கு நாள் பரவும். சிவப்பின் எல்லையைப் பேனாவால் வரைந்து வைத்தால் அது பரவுகிறதா, சுருங்குகிறதா என்பதை எளிதில் அறியலாம்.

டெங்கு: டெங்குக் காய்ச்சல் கடித்த அன்று வருவதில்லை, பொதுவாக 4 முதல் 10 நாள்கள் கழித்தே தொடங்குகிறது. அதில் கடிபட்ட இடம் வீங்குவதும் இல்லை. எனினும் நாள்தோறும் கடிபடும் குழந்தையில் இன்றைய வீக்கமும் முந்தைய வாரக் கடியால் வந்த டெங்குவும் ஒரே நேரத்தில் இருக்கக்கூடும். தமிழ்நாட்டில் 2012 ஆம் ஆண்டில் மட்டும் 12,000க்கும் மேற்பட்டோர் டெங்குவால் பாதிக்கப்பட்டனர். எனவே காய்ச்சல் இரண்டு நாள்களுக்கு மேல் நீடித்தால் அதை ஒவ்வாமை என்று விட்டுவிடாமல் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். தொடர் வாந்தி, கடும் வயிற்றுவலி, இரத்தக்கசிவு, சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியன டெங்குவின் எச்சரிக்கை அறிகுறிகள். இவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சிகிச்சை

கடிபட்ட இடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியாலோ குளிர்ந்த நீர் நனைத்த துணியாலோ சுமார் 10 நிமிடங்கள் ஒத்தடம் கொடுத்தல் முதலுதவி ஆகும். கலமைன் நீர்மம் அரிப்பைச் சற்றுத் தணிக்கும். வீங்கிய கையையோ காலையோ உயர்த்தி வைத்தல் வீக்கம் வடிய உதவும்.

அரிப்புக்கு ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் தரப்படுகின்றன. செட்டிரிசின் கொசுக்கடித் தடிப்பையும் அரிப்பையும் குறைப்பதைப் பின்லாந்தில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. அளவைக் குழந்தையின் வயது, எடை ஆகியவற்றுக்கேற்ப மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். உறக்கம் தரும் பழைய வகை மருந்தான புரோமெத்தசின், மூச்சொடுக்கம் ஏற்படுத்தக்கூடியது என்பதால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது.

பெரும் வீக்கத்திற்கு ஸ்டீராய்டு களிம்பு சில நாள்களுக்கு மட்டும் பயன்படுத்தப்படுகிறது. இதை முகத்தில் நீண்ட நாள் பூசினால் தோல் மெலியும். மிகக் கடுமையான நிலையில் வாய்வழி ஸ்டீராய்டு குறுகிய காலத்திற்குத் தரப்படலாம். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதுமானது. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் தரலாகாது. தொற்று உறுதியானால் மட்டுமே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவை. நகங்களை ஒட்ட வெட்டி வைத்தல் புண்ணையும் தழும்பையும் குறைக்கும் எளிய வழி.

தவிர்க்க வேண்டியவை

* சுண்ணாம்பு: காரத்தன்மை மிக்கது. குழந்தையின் மெல்லிய தோலில் பூசினால் வெந்து புண்ணாகும்.
* கற்பூரம்: எண்ணெயில் கரைத்துத் தடவும் வழக்கம் உண்டு. கற்பூரம் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். சிறு குழந்தைகள் சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு ஏற்படலாம்.
* புகை: மூடிய அறையில் கொசுவர்த்தி, சாம்பிராணி ஆகியவற்றின் புகை குழந்தையின் மூச்சுக்குழாய்களை உறுத்துகிறது. ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதும் எரியும்போது வெளியாகும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு இணையானது என 2003 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு கண்டறிந்தது.
* மின் கொசுவிரட்டித் திரவம்: குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடும் ஆபத்து உள்ளதால் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

மதுரைச் சமவெளியின் கொசுக்கள்

இப்பகுதியில் குழந்தைகளைக் கடிக்கும் கொசுக்கள் அவை பெருகும் நீர், கடிக்கும் நேரம் ஆகியவற்றால் வேறுபடுகின்றன. ஆகவே ஒரே தடுப்பு முறை எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

ஏடிஸ் எஜிப்தி வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் தெளிந்த நீரில் பெருகுகிறது. சிமெண்டுத் தொட்டி, பிளாஸ்டிக் டிரம், பயன்படாத ஆட்டுக்கல், பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு ஆகியன இதன் இருப்பிடங்கள். குழாய் நீர் நாள்தோறும் வராத தெருக்களில் நீரைச் சேமித்து வைப்பதால் கோடையிலும் இது குறைவதில்லை. இது பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலையிலும் கடிக்கிறது.

கியூலெக்ஸ் குயின்குஃபேசியேட்டஸ் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி, கழிவுநீர் கலந்த வாய்க்கால் ஆகியவற்றில் பெருகி இரவில் கடிக்கிறது. கழிவுநீர்த் தொட்டிகளில் பெருகும் ஆர்மிஜெரஸ் கொசு உருவில் பெரியது. அந்திப் பொழுதில் மிகுதியாகக் கடிக்கும்.

நகருக்கு வெளியே பெரியாறு பாசனக் கால்வாயால் நீர்பெறும் சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர் வட்டாரங்களின் நெல்வயல்களில் கியூலெக்ஸ் டிரைடினியோரிங்கஸ் உள்ளிட்ட இனங்கள் பெருகுகின்றன. இவை பெரிதும் மாடுகளைக் கடிப்பவை எனினும் மனிதரையும் கடிக்கின்றன. ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பவும் வல்லவை. தமிழ்நாட்டில் இந்நோய் 1955 ஆம் ஆண்டில் வேலூரில் முதலில் அறியப்பட்டது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980களில் மதுரையில் மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தை நிறுவியது. வயலில் நீரை விட்டுவிட்டுப் பாய்ச்சுதல், யூரியாவுடன் வேப்பம் பொருள்களைச் சேர்த்து இடுதல் ஆகியவற்றால் நெல்வயல் கொசுக்களைக் குறைக்கும் வழிகளை இம்மையத்தினர் 1990களில் ஆராய்ந்தனர். இம்மையம் பின்னர் புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்துடன் இணைக்கப்பட்டது.

தடுப்பு

கொசு வலை: சிறு குழந்தைகளுக்கு மிகவும் பாதுகாப்பானது வலையே. ஏடிஸ் பகலில் கடிப்பதால் பகலுறக்கத்திலும் வலை தேவை. சேலைத் தூளியின் துணி மெல்லியதாகவும் உடலோடு ஒட்டியும் இருப்பதால் கொசு துணிக்கு வெளியிலிருந்தே கடிக்க இயலும். ஆகவே தூளி முழுவதையும் சூழுமாறு வலை கட்டுதல் நல்லது. மின்விசிறியின் காற்றில் கொசுக்களால் எளிதில் பறக்க இயலாது. எனவே விசிறியும் கடியைக் குறைக்கிறது.

உடை: தளர்வான, வெளிர்நிறமுள்ள, முழுக்கை பருத்தி ஆடை ஏற்றது.

விரட்டிப் பூச்சுகள்: டீட் கலந்த பூச்சை இரண்டு மாதத்திற்குக் குறைந்த குழந்தைகளுக்கும், எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெயை மூன்று வயதுக்குட்பட்டோருக்கும் பயன்படுத்தக்கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை. பெரியவர் தம் கையில் எடுத்துக் குழந்தைக்குப் பூச வேண்டும். கண், வாய், விரல்கள், புண்கள் ஆகிய இடங்களில் பூசலாகாது.

முன்கூட்டிய மருந்து: மீண்டும் மீண்டும் கடும் வீக்கம் காணும் குழந்தைகளுக்குக் கொசு மிகும் காலத்தில் செட்டிரிசினை முன்கூட்டியே தர மருத்துவர் பரிந்துரைக்கலாம்.

நீர் மேலாண்மை: வெப்பமான சமவெளியில் முட்டை கொசுவாக வளர ஒரு வாரம் அல்லது சற்றுக் கூடுதலாகும். எனவே நீர்த்தொட்டிகளை வாரம் ஒருமுறை வடித்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, உலரவிட வேண்டும். ஏடிஸ் முட்டைகள் சுவரில் ஒட்டி, பல மாதங்கள் உலர்ந்த நிலையிலும் உயிர்ப்புடன் இருப்பதால் நீரை மட்டும் மாற்றுதல் போதாது. கழிவுநீர்த் தொட்டியின் காற்றுப்போக்கிக் குழாயின் வாயில் நைலான் வலை கட்டினால் கியூலெக்ஸ், ஆர்மிஜெரஸ் கொசுக்களின் போக்குவரத்து தடைபடும். புகைமருந்து அடித்தல் வளர்ந்த கொசுக்களை மட்டுமே கொல்லும். நீரிலுள்ள புழுக்கள் சில நாள்களில் மீண்டும் கொசுக்களாக வெளிவரும்.