சந்தாப் புத்தகத்திலிருந்து டெபிட் கார்ட் வரை



பள்ளிவாயல் மாதச் சந்தாவை இனி டெபிட் கார்டில் தானாகக் கழியும்படி செய்வோமா என்று ஜமாஅத்துக்குள் பேச்சு வந்திருக்கிறது. இளைஞர்கள் செய்வோம் என்கிறார்கள், மூத்தவர்கள் தயங்குகிறார்கள். முடிவெடுக்க முதல், மாதாமாதம் காசு கழியும் இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். படிப்பிக்கிற ஆட்கள் நாங்கள், எதையும் பழைய கதையிலிருந்துதான் தொடங்குவோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரச ஊழியர்களுக்கு இது புதிதல்ல. விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய நிதிக் கட்டளைச் சட்டம் 1898இல் வந்தது. சம்பளம் கைக்கு வர முதலே அதற்கொரு பங்கு போய்விடும். இன்று அக்ரஹார காப்புறுதிக்கும் அப்படித்தான். யாரும் எங்களிடம் மாதாமாதம் கேட்பதில்லை. ஆனால் எவ்வளவு, எதற்கு என்று சம்பளச் சீட்டில் எழுதியிருக்கும்.

வங்கி வந்த பிறகு ஸ்டாண்டிங் ஓடர் வந்தது. இந்தத் திகதியில், இந்தக் கணக்குக்கு, இவ்வளவு ரூபாய் அனுப்பு என்று நாங்கள் கையெழுத்து வைத்துக் கொடுக்கிறோம், வங்கி அனுப்புகிறது. தொகையைக் கூட்டவோ குறைக்கவோ மறுபடியும் எங்கள் கையெழுத்து வேண்டும். காசை அனுப்புகிறவர் நாங்கள்தான்.

இது தலைகீழானது 1964இல், இங்கிலாந்தில். யுனிலீவரில் வேலை செய்த அலஸ்டெயர் ஹேன்டன் என்பவர், ஐஸ்கிரீம் விற்கும் சிறு கடைக்காரர்களிடம் காசு சேர்க்கும் தொல்லையைக் குறைக்க யோசித்தார். அவர்கள் அனுப்பும் வரை ஏன் காத்திருக்க வேண்டும், அவர்களின் அனுமதியோடு கணக்கிலிருந்து நாங்களே எடுத்துக்கொள்வோமே என்றார். டைரக்ட் டெபிட் பிறந்த கதை அதுதான். அனுப்புவது போய் எடுப்பது வந்தது. அங்கே அதற்கொரு உத்தரவாதமும் சேர்ந்தது: தவறாக எடுத்தால் வங்கியே காசைத் திருப்பித் தரவேண்டும்.

இப்போது போனில் நாங்கள் செய்வதும் எடுக்க விடுவதுதான். முதல் தடவை அட்டை இலக்கம் கொடுக்கிறோம், ஓடிபி வருகிறது, அடிக்கிறோம். அதன் பிறகு அந்த நிறுவனம் ஓடிபி இல்லாமலே எடுக்கலாம். அப்பை அழித்தால் சந்தா நிற்காது, உள்ளே போய் ரத்துச் செய்ய வேண்டும். அட்டை மாறினாலும் சில நிறுவனங்களுக்குப் புதிய இலக்கம் அட்டை வலையமைப்பு வழியாகவே போய்விடுகிறது. எங்கள் அயலில் ஒரு உம்மாவின் போனில் பேரப்பிள்ளை ஒரு மாத இலவசம் என்று அழுத்தியதற்கு மூன்று மாதம் காசு போயிருந்தது. பாஸ் புத்தகம் பதியப் போன அன்றுதான் அவருக்கே தெரியும்.

வட்டிக்குப் பயந்து கிரெடிட் கார்ட் எடுக்காதவர்கள் எங்களில் அதிகம். நல்லது. ஆனால் டெபிட் கார்டில் போவது எங்கள் சொந்தக் காசு. பிழை என்று முறையிட்டு அது திரும்பி வரும் வரை மீன் வாங்கவும் காசில்லாமல் நாங்கள்தான் நிற்க வேண்டும்.

2022 நினைவிருக்கும். மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறக்குறைய 200 ரூபாய், மே நடுவில் ஏறக்குறைய 360. பத்து டொலர் சந்தா 2,000இலிருந்து 3,600 ஆனது. நிறுவனம் ஒரு சதமும் கூட்டவில்லை, நாங்களும் புதிதாகச் சம்மதிக்கவில்லை. இந்தியாவில் 2021 ஒக்டோபர் 1 முதல், அட்டையில் இப்படிக் காசு கழிக்க 24 மணித்தியாலம் முன்பே அறிவிக்க வேண்டும். 5,000 இந்திய ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு தடவையும் மறுபடி அனுமதி வேண்டும். பிறகு அந்த எல்லை 15,000 ஆனது. எங்கள் அட்டைகளுக்கு அந்த விதி பொருந்தாது.

கடனை எழுதிவை, சாட்சி வை என்று சொல்லும் ஆயத்து சூரத்துல் பகராவில் 282ஆவது. குர்ஆனிலேயே நீளமான ஆயத்து அது. சந்தா கடனில்லை, தெரியும். ஆனாலும் யார், எவ்வளவு, எதுவரை என்று எழுதப்படாத கொடுக்கல் வாங்கல் எங்களுக்கு நெருடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சந்தாப் புத்தகத்தோடு வருகிறவருக்கு வாடைக் காலம் தெரியும். கடல் கொந்தளித்துத் தோணி இறங்காத மாதங்களில் சில வீட்டு வாசலில் ஸலாம் சொல்லிவிட்டுச் சும்மா போய்விடுவார். கடலுக்குப் போகிறவர்களுக்கும், ஹோட்டலில் சீசன் வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் மாதம் முழுக்கச் சம்பளம் இல்லை. கார்டுக்கு இது தெரியாது. மீதி இல்லாவிட்டால் மறுநாளும் முயற்சிக்கும்.

ஆகவே எங்கள் யோசனை இது. மாதச் சம்பளக்காரர் வங்கியில் ஸ்டாண்டிங் ஓடர் கொடுக்கட்டும், ரூபாயில், ஒரு வருடத்துக்கு மட்டும், பிறகு கேட்டுப் புதுப்பிப்போம். மற்றவர்களுக்குப் புத்தகமே இருக்கட்டும். வெளியூரிலும் மத்திய கிழக்கிலும் இருப்பவர்கள் கார்டில் கொடுக்க விரும்பினால், நிறுத்துவது எப்படி என்பதையும் அதே பக்கத்தில் தமிழில் எழுதிப் போட வேண்டும். வாற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பேசுவோம். தெரியாமல் காசு கழிகிறது என்று சந்தேகப்படுகிறவர்கள் போனையும் பாஸ் புத்தகத்தையும் கொண்டுவாருங்கள், இருந்து பார்த்துத் தருகிறோம்.