யானைத் தடமும் கண்டி வீதியும்

கொழும்பு மாநகரின் வடகோடியிலே, களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தை அடுத்து அமைந்துள்ளது மட்டக்குளி. அங்கிருந்து ஆற்றின் வழியே சிறிது தூரம் மேலே சென்றால் கிராண்ட்பாஸ் துறை வரும். இன்று கண்டிக்குப் புறப்படுவோர் பாலத்தின் மீது ஆற்றைக் கடந்து, சில மணி நேரத்தில் மலைநாட்டை அடைந்துவிடுகின்றனர். இரு நூற்றாண்டுகளுக்கு முன்னர் இப்பயணம் எவ்வாறு இருந்தது?

கண்டியரசர் தம் நாட்டுக்குச் செல்லும் வழிகளை வேண்டுமென்றே ஒற்றையடிப் பாதைகளாக வைத்திருந்தனர். காடும் மலையுமே அவர்தம் மதில்கள். 1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817இலும் 1818இலும் மூண்ட கிளர்ச்சியோ, பாதையில்லாத நாட்டை ஆளுதல் அரிது என்பதை அவர்களுக்கு உணர்த்தியது. ஆகவே 1820இல், எட்வேர்ட் பார்ன்ஸ் ஆட்சிப் பொறுப்பை ஏற்றதும், கொழும்பு–கண்டி வீதி வேலை தொடங்கிற்று.

அவ்வேலையில் ஒரு பகுதி தோமஸ் ஸ்கின்னர் என்னும் இளம் படையதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்கு அப்பொழுது வயது 16. வீதியமைக்கும் கலையை அவர் எவரிடமும் பயின்றவரல்லர். பிற்காலத்தில் நில அளவைக்காக மாதக்கணக்கில் காட்டிலேயே தங்கினார். கருவிகளுடன் மலைமுடிகளில் ஏறி, மலைநாட்டின் படத்தை வரைந்தார். வழி தெரியாத இடங்களில் யானைத் தடங்களே அவருக்குத் துணை நின்றன. பாரிய உடலைச் சுமந்து மலையேறும் யானை, சரிவு குறைந்த வழியைத் தேர்ந்தே நடக்கும். அத்தடத்தைப் பின்பற்றியவருக்கு வீதிக்கேற்ற கணவாயும் கிடைத்தது.

தனிவழி சென்ற வீரர் என்று அவரைப் போற்றுவது எளிது. ஆனால், பாறையை உடைத்த கைகள் யாருடையவை? முதலில் அவ்வேலையைச் செய்தவர்கள் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்துக்கு அழைக்கப்பட்ட கிராமத்தவர்கள். தம் வயலை விட்டு வந்து, கூலியின்றி உழைத்தார்கள். 1832இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. பின்னர், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரும் வீதி வேலைகளில் பெருமளவில் ஈடுபடுத்தப்பட்டனர். தோட்டங்களுக்கென வந்த அவர்தம் உறவினரோ மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். அவர்களுக்கு நடுகல்லும் இல்லை.

கிராண்ட்பாஸில் 1822இல் தோணிகளைப் பிணைத்து மிதவைப் பாலம் அமைத்தனர். 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று. ஸ்கின்னர் ஓய்வு பெற்ற 1867ஆம் ஆண்டிலேயே புகையிரதமும் கண்டியை அடைந்தது. மிதவைப் பாலத்துக்கு மாற்றாக விக்டோரியா பாலம் 1895இல் எழுந்தது.

ஸ்கின்னர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதிவைத்தார். அது 1891இல் நூலாகவும் வெளிவந்தது. மண் சுமந்தவர்கள் எதையும் எழுதிவைக்கவில்லை. எனினும், கண்டி வீதியில் இன்று தனியே பயணம் செய்பவர், உண்மையில் தனியே செல்வதில்லை. அவர் கடக்கும் ஒவ்வொரு வளைவிலும் பெயரறியா மாந்தர் பலரின் உழைப்பு அவரைத் தாங்கி நிற்கின்றது.